பெரியப்பா தண்ணீர் கேட்டது

எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் தூது போவது. சம்பளம் கிடையாது, அவ்வப்போது ஒரு துண்டு மாம்பழம் கிடைக்கும். என் அம்மாவும் பெரியப்பாவும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை. சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. கணவனின் அண்ணனிடம் நேருக்கு நேர் பேசாமல் இருப்பது எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை, அவ்வளவுதான் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

பெரியப்பாவுக்கு நாகரசம்பட்டியில் மாந்தோப்பு. ஓசூரில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "பாப்பா, காப்பிக்குச் சக்கரை கம்மியா போடச் சொல்லு உங்கம்மாவ" என்பார். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கு அது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் ஓடிப்போய்ச் சொன்ன பிறகுதான் அவள் காதில் விழும். "டிபன் சாப்பிடறாங்களான்னு கேளு" என்பாள் அம்மா. அதுவும் அவருக்குக் கேட்டிருக்கும். நான் மூச்சிரைக்க வந்து கேட்டதும்தான் யோசிக்கவே ஆரம்பிப்பார். என்னை விட்டால் இந்த இரண்டு பெரியவர்களுக்கும் பேச நாதியில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

இதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. அம்மா ஜவளகிரிக்காரி, கன்னடம் பேசுகிற வீட்டுப் பெண். அப்பாவும் அவளும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, கம்பெனி பஸ்ஸில் பழகி, தாங்களாகவே கல்யாணத்தை முடிவு செய்தவர்கள். பெரியப்பா தடுக்கவில்லை. "அவங்க பேசற பாஷை நமக்கு வராது" என்று மட்டும் சொன்னாராம். அதே பெரியப்பா பெங்களூர் மண்டிக்காரர்களிடம் போனில் மாங்காய் விலை பேசும்போது கன்னடத்தில் வெளுத்து வாங்குவார். எங்கள் வீட்டு வாசற்படி ஏறியதும் மொத்தமும் மறந்துபோகும்.

ஒரு மே மாதம், தோப்பில் காய் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது அவருக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி வந்தது. குடலில் முறுக்கு விழுந்திருக்கிறது என்று ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். பெரியம்மா டெட்டால் வாசனைக்கே மயங்குகிறவர். பெரியப்பாவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் அவர் தொப்பென்று விழ, அவருக்கும் ஒரு கட்டில் தேடவேண்டியதாகிவிட்டது. எழுந்ததும் அவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரியப்பாவின் மகன் தோப்பை விட்டு நகர முடியாது. அப்பாவுக்கு மறுநாள் லீவு கிடைக்கவில்லை. ஆக, பெரியப்பாவைப் பார்த்துக்கொள்ள மிஞ்சியது அம்மாதான். அம்மா இருந்தால் பேச்சுக்கு நானும் இருந்தாக வேண்டும். எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை வேறு.

காலையில் நாங்கள் போனபோது பெரியப்பா கண் விழித்திருந்தார். உதடு வெடித்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பேச்சே குழறியது. "பாப்பா, தண்ணி" என்றார். நான் பாட்டிலைத் திறப்பதற்குள் நர்ஸ் அக்கா ஓடி வந்து பிடுங்கிக்கொண்டார். 

"ஐயாவுக்குக் காத்துப் பிரியணும். அது வரைக்கும் ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது. போனா வாந்தி வரும், தையலுக்கு ஆபத்து" என்றார். "வேணும்னா பஞ்சை நனைச்சு உதட்டைத் துடைச்சு விடுங்க."

அந்த வார்டு முழுக்கக் கேட்கிற குரல் அவருக்கு. அம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

அப்புறம் என் வேலை தொடங்கியது. அம்மா பஞ்சை நனைத்துப் பிழிந்து என் கையில் தருவாள், நான் அவர் உதட்டில் ஒற்றுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பஞ்சை உறிஞ்சப் பார்ப்பார். "உறிஞ்சக் கூடாதாம்னு சொல்லு" என்பாள் அம்மா. "உறிஞ்சலைன்னு சொல்லு" என்பார் அவர், பஞ்சைப் பல்லில் கடித்தபடியே. வாய் கொப்பளித்துத் துப்பலாமா என்று அம்மா வெளியே போய் நர்ஸைக் கேட்டு வந்தாள். முழுங்காமல் துப்புவதாக இருந்தால் சரி என்றாராம். நான் வளைந்த எவர்சில்வர் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். வாயிலிருந்த தண்ணீரை அவர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உருட்டி உருட்டி, பிரிய மனமில்லாமல் துப்பினார். காய்ந்த உதட்டுக்குத் தேங்காய் எண்ணெயை என் விரலால் தடவச் சொன்னாள் அம்மா. ஏதோ பெரிய டாக்டர் மாதிரி தடவினேன்.

ஆனால் தாகம் அடங்கவில்லை. கை நரம்பில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலை முறைத்துப் பார்த்து, "இத்தனை தண்ணி உள்ள போகுதே, ஒரு சொட்டு வாய்ப் பக்கம் வரக் கூடாதா?" என்றார். இது யாருக்கான செய்தி என்று தெரியாமல் நான் நர்ஸிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இளநீர் வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் அடுக்கிவிட்டுப் போனார்கள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருகிற ஊர் இல்லையே எங்களுடையது! இளநீர்க் குவியலுக்கு மேலே படுத்துக்கொண்டு நாக்கு வறண்டு கிடந்தார் பெரியப்பா. தோப்பில் அவர் குரல் கொடுத்தால் லாரியே நின்றுவிடும். அவர் கண்ணோரத்தில் தண்ணீர் கசிந்ததை அன்றுதான் பார்த்தேன். 

நர்ஸ் அக்கா வரும்போதெல்லாம், "ஐயா, காத்துப் பிரிஞ்சுதா?" என்பார். "இல்ல" என்பார் இவர், சுவரிடம்.

மத்தியானம் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். வார்டு அமைதியாக இருந்தது. அப்போதுதான் கட்டிலிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சின்னச் சத்தம் என்று சொல்ல முடியாது. நான் திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் கை ஒரு கணம் நின்றது, பிறகு மடிக்கிற வேலையைத் தொடர்ந்தது. பெரியப்பா தூங்குகிறவரைப் போல அசையாமல் கிடந்தார்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து கேட்டார்.

"இல்ல" என்றார் பெரியப்பா.

நான் வாயைப் பிளந்துவிட்டேன். பொய் சொன்னால் கண் அவிந்துவிடும் என்று எனக்குச் சொல்லி வைத்தவரே அவர்தான். ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தண்ணீர் வந்துவிடும். தம்பி பெண்டாட்டி இருக்கிற இடத்தில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குத் தாகத்திலேயே கிடந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார் மனிதர். நானும் வாய் திறக்கவில்லை. யாரும் சொல்லி அனுப்பாத செய்தியைச் சுமப்பது என் வழக்கம் இல்லை.

அம்மா துண்டுகளை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். பாத்ரூமுக்குப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் திரும்பி வந்த சற்று நேரத்தில் டாக்டரே வந்துவிட்டார். எதுவும் கேட்காமல் பெரியப்பாவின் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "குடல் நல்லா வேலை செய்யுது. ஒவ்வொரு ஸ்பூனா தண்ணி குடுக்கலாம்" என்றார். ஸ்டெதாஸ்கோப் இவ்வளவு விவரமான கருவியா என்று நான் அசந்துபோனேன். டாக்டர் கண்டுபிடித்தார் என்பதுதான் இன்றுவரை எங்கள் குடும்ப வரலாறு. அம்மா அதை மாற்றியதே இல்லை.

அம்மா வெந்நீரை ஆற்றி, டம்ளரையும் ஸ்பூனையும் என்னிடம் தந்தாள். நான் அவசர அவசரமாக ஊட்டத் தொடங்கினேன். முதல் ஸ்பூன் அவர் தாடையில் வழிந்து கழுத்துக்குப் போனது. அடுத்தது தலையணைக்குப் போனது. அதற்கடுத்ததில் ஏதோ கொஞ்சம் நாக்கை எட்டியிருக்கும், மீதி பனியனில். பெரியப்பா கோபித்துக்கொள்ளவில்லை. வழிந்து போகிற தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலே பார்த்துச் சொன்னார்.

"சொல்ப நீரு கொடம்மா."

கொஞ்சம் தண்ணீர் கொடும்மா என்று கன்னடத்தில் கேட்டார். மண்டிக்காரர்களிடம் பேசுகிற அதட்டல் அதில் இல்லை. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு என் கையிலிருந்து ஸ்பூனை வாங்கிக்கொண்டு கட்டிலருகே வந்து, அவர் தலைக்கு அடியில் கை கொடுத்து லேசாகத் தூக்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊட்டினாள்.

"மெதுவா முழுங்குங்க மாமா" என்றாள், தமிழில்.

அவர் முழுங்கினார். கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை ஏறி இறங்க, அவ்வளவு நிம்மதியாக ஒருவர் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. "இன்னு கொஞ்சம்" என்று இரண்டு பாஷையையும் கலந்து கேட்டார். அம்மா சிரித்துவிட்டாள்.

என் நிலைமையை யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டார்கள். வலிக்கிறதா என்று இவள் கேட்க, இல்லை என்று அவர் சொல்ல, நடுவில் நான் வெறுமனே நின்றேன். வேலை போய்விட்டது என்று புரிந்ததும் அழுகை முட்டியது. சமாதானத்துக்கு அம்மா கட்டிலடியிலிருந்து ஒரு இளநீரை எடுத்துத் தந்து, வாசல் கடையில் வெட்டிக் குடிக்கச் சொன்னாள்.

ஷிப்ட் முடிந்து அப்பா யூனிபார்மோடு வந்தபோது நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இளநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். என் புகாரையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் சரியாகத்தான் ஊட்டினேன், பெரியப்பாதான் பொறுமையில்லாமல் அம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டார் என்றேன்.

"என்னன்னு கேட்டாரு?" என்றார் அப்பா.

சொன்னேன்.

"கன்னடத்திலயா?"

"ஆமா."

"நெஜமா, கன்னடத்திலயா கேட்டாரு?"

எத்தனை தடவைதான் சொல்வது? சந்தேகமாக இருந்தால் உள்ளே போய்ப் பெரியப்பாவையே கேட்டு வரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். திறந்திருந்த கதவு வழியாக அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கும் சத்தம் வந்தது. அப்பாவுக்கும் தாகமாக இருக்கும் என்று நினைத்து இளநீரை நீட்டினேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாரே தவிர, கடைசி வரை குடிக்கவே இல்லை.