ஓடைக்கும் ஒரு சர்வே நம்பர்

இந்தத் தேவிகுளத்தில் ஓடைக்குக்கூட நம்பர் உண்டு என்றால் ஊரில் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம் திருநெல்வேலிப் பக்கம் ஓடை என்றால் மணல்தான்; தண்ணீர் எப்போதாவது விருந்தாளிபோல் வந்துபோகும். அது யாருடையது என்று எவனும் கேட்டதில்லை. இங்கே தண்ணீர் வருஷம் முழுக்க ஓடுகிறது, அதற்கு ஆபீசில் ஒரு காகிதமும் இருக்கிறது. அந்தக் காகிதத்தைத் தேடித்தான் தாலூக்கு ஆபீஸ் படி ஏறினேன். ஏனென்றால் எனக்குத் தங்கம் கிடைத்திருந்தது!

சத்தியமாகத்தான். நான் தேயிலை ஃபேக்டரியில் ரோலர் ஓட்டுகிறவன். ஃபேக்டரிக்குக் கீழே, எஸ்டேட் எல்லையைத் தாண்டி ஓடும் ஓடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் கழுவும்போது மணலில் மினுமினுவென்று மஞ்சள் பொடி. ஓடிப்போய் முறத்தை எடுத்துவந்து அரித்தேன். மணல் போனது, பொடி அடியில் தங்கியது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் மகள் வள்ளி இங்கே லயத்தில், எஸ்டேட் வரிசை வீட்டில், பிறந்தவள். மூன்று வயதாகிறது, காது குத்த ஊருக்குப் போகவேண்டும். குலதெய்வம் அங்கே, தோடு போடும் தாய்மாமன் அங்கே. எல்லாமே அங்கே என்றால் பிள்ளை பிறந்த மண்ணுக்கு என்ன பங்கு என்று எனக்கொரு ஆதங்கம். அந்தத் தோட்டில் இந்த ஓடைத் தங்கம் ஒரு தரி, ஒரு சின்ன மணியாவது சேரவேண்டும். ஆனால் அங்கே தங்கம் எடுக்க வேறு யாராவது குத்தகை வாங்கியிருந்தால்? குந்துமணித் தங்கத்துக்கும் சர்க்கார் கணக்குக் கேட்கும் தங்கக் கட்டுப்பாட்டுக் காலம் வேறு. பிள்ளை காதில் திருட்டுப்பொருள் ஏறலாமா?

"ஏங்க, கிறுக்கு புடிச்சிருக்கா ஒங்களுக்கு? ரெண்டு கை மண்ணுக்கு ஆபீசா?" என்றாள் என் மனைவி பேச்சியம்மாள்.

ஆபீசில் கிளார்க் மலையாளி. எங்கள் ஆட்கள் அங்கே போவதெல்லாம் பட்டயம், அதாவது நம் ஊர்ப் பட்டா, கேட்கத்தான். என்னைப் பார்த்ததுமே, "ஸ்தலம் ஒந்நும் இல்லா" என்று கையை விரித்தார்.

"எனக்கு எடம் வேண்டாம் சாரே. வேற யாருக்காவது குடுத்திருக்கீங்களான்னு பாக்கணும்" என்றேன்.

பொறாமையில் கேட்கிறேன் என்று நினைத்து முறைத்தார். மடியில் முடிந்திருந்த பொடிப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். மனிதர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். சர்வே வரைபடம் விரிந்தது, ஓடையின் நம்பர் அகப்பட்டது, நம்பருக்குரிய ரிஜிஸ்டர் வந்தது. பக்கம் புரட்டப் புரட்டத் தூசியில் இருவரும் மாறிமாறித் தும்மினோம்.

"லீஸ் ஆர்க்கும் கொடுத்திட்டில்லா" என்றார் கடைசியில். "ஞாயறாழ்ச்ச முறம் கொண்டு அரிச்சோ. பொன்னு கிட்டியால் இவிடெ வந்நு பறயணம், கேட்டோ!"

வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மேட்டை ஒரே ஓட்டத்தில் ஏறினேன். பனிக்காலம் முழுக்க ஞாயிறுதோறும் அரித்தேன். இரண்டாவது வாரமே பேச்சியும் இன்னொரு முறத்தோடு வந்துவிட்டாள்.

காது குத்த ஊருக்குப் போனபோது ஆசாரி அதை உரைகல்லில் தேய்த்து ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். பச்சையாய்ப் பொங்கியது. "அண்ணாச்சி, இது பித்தளைல்லா!" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. இலை உருட்டும் எங்கள் ரோலர் மேசையில் பதித்திருப்பது பித்தளைச் சட்டம். தேய்ந்து உதிர்கிற பொடியைச் சனிக்கிழமைதோறும் தண்ணீர் அடித்து ஓடையில் கழுவிவிடுவது யார்? நானேதான்! சனிக்கிழமை விட்டதை ஞாயிற்றுக்கிழமை பொறுக்கியிருக்கிறேன், அதுவும் சர்க்காரிடம் லீஸ் பார்த்து. பேச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் சிந்திய பொடியை ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பொட்டலத்தில் போட்டேன்.

அவள் அதைப் பார்த்திருக்கவேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் அண்ணன் செய்யச் சொல்லியிருந்த தோட்டைக் காட்டி, "ஆசாரியாரே, இந்தக் குண்டு உள்ளுக்குள்ள பொள்ளல்தான? இதுல கொஞ்சம் பெரிய தரியாப் பாத்துப் போட்டு மூடிருங்க. எம்புள்ள பொறந்த எடம்லா" என்றாள்.

திரும்பி வந்ததும் வள்ளியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். கொடுத்த வாக்கு இருக்கிறதே. "பொன்னு கிட்டியோ?" என்று கிளார்க் ஆவலாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வள்ளி இல்லை என்று பலமாகத் தலையை ஆட்டினாள். இரண்டு காதிலும் மாமன் போட்ட தங்கம் ஆடியது. அதற்குள்ளிருந்து எங்கள் ஓடை சலசலத்தது.