எல்லைக்கு முன்னூறு மீற்றர் இப்பால் ஒரு போத்தல்

2005 பெப்ரவரி, ஒரு வியாழக்கிழமை மாலை ஆறு மணி. லண்டன் வால்தம்ஸ்டோவில் சுரங்க ரயில் ஏறினேன். ஹீத்ரோ விமான நிலையம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். பெட்டிக்குள் இரண்டு துவாய்களால் சுற்றிய ஒரு போத்தல் தென்னஞ்சாராயம் இருந்தது. அதற்காக முந்தைய சனிக்கிழமை நகரின் மறுகோடியிலுள்ள நோர்பரி வரை போயிருந்தேன். அங்கே எங்கள் ஆட்களின் கடையில் விலை பதினைந்து பவுண்.

வெளிநாட்டிலிருந்து போகிறவர் வீட்டு ஆண்களுக்கு ஒரு போத்தல் கொண்டுபோவது எங்கள் வழக்கம். கொண்டுபோவதும் ஆண்கள்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பட்டம் பெற்றதும் மாதச் சம்பளம் எடுத்ததும் நான்தான் முதல். பிறகு, பெண் என்பதற்காக இதை மட்டும் ஏன் விட வேண்டும்? அண்ணை ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். அப்போது சார்ஜாவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் சந்தித்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அவனுக்கு ஓய்வு வெள்ளிக்கிழமை மட்டும். அந்த ஒரு நாளுக்காகத்தான் இந்தப் பயணம்.

உள்ளூராட்சிக் கவுன்சிலில், வீடு கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது என் வேலை. விதிகளை வாசிக்காமல் நான் எங்கும் போவதில்லை. துபாய்க்கு முஸ்லிம் அல்லாத பயணி மது கொண்டுபோகலாம் என்பதையும், என் ஒரு போத்தல் அனுமதித்த அளவுக்குள் என்பதையும் அச்செடுத்துக் கைப்பையில் வைத்திருந்தேன்.

வெள்ளி காலை எட்டேகாலுக்கு விமானம் துபாயில் இறங்கியது. பெட்டி சோதனைக் கருவிக்குள் போய் வந்தது. அதிகாரி என்னைப் பார்க்கவுமில்லை. வெளியே அண்ணை நின்றான். மெலிந்திருந்தான், முன்தலையில் நரை.

"லண்டன் தண்ணி உனக்குப் பிடிச்சிருக்கு. கொழுத்துப் போனாய்."

"நீ கருவாடா நிக்கிறாய்."

அழக்கூடாது என்று இருவரும் இப்படித் தொடங்கினோம்.

நேரே அவனுடைய அறைக்குப் போய், அவனுடைய கூட்டாளிகள் சமைக்கும் மதியச் சாப்பாட்டைச் சாப்பிடுவதாக ஏற்பாடு. விமான நிலையத்திலிருந்து சார்ஜா பதினைந்து கிலோமீற்றருக்குள்தான். டாக்சிக்காரர் பெஷாவர்க்காரர், வெண்தாடி. அண்ணை அவரோடு உருதில் விலை பேசி நாற்பது திர்ஹாமுக்கு முடித்தான். அந்த நாட்களில் ஒரு பவுண் ஏழு திர்ஹாமுக்குச் சற்றுக் குறைவு.

ஒன்பதரை இருக்கும். தெருவின் இரு பக்கமும் மாடிக் கட்டடங்கள். சொல்லிவிட வேண்டுமென்ற ஆவலை அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அண்ணை, உனக்கொரு சாமான் கொண்டு வந்தனான். சாராயம். எங்கடை சாராயம்."

அவன் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அடுத்த கணம் முன்னால் சாய்ந்து டாக்சிக்காரரின் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னான்.

"உனக்கென்ன விசரே?"

"நான் வடிவா வாசிச்சனான். கொண்டு வரலாம். இஞ்சை பார், பேப்பரும் இருக்கு."

"நீ வாசிச்சது துபாய்க்கு. நான் படுக்கிறது சார்ஜாவிலை. அங்கை கடையிலையும் இல்லை, ஹோட்டலிலையும் இல்லை. பிடிச்சால் உன்னை விட்டாலும் விடுவாங்கள். என்னை மறியலிலை போட்டுப் பிளேன் ஏத்திவிடுவாங்கள்."

சார்ஜா எல்லையைக் காட்டும் பலகை ஏறக்குறைய முன்னூறு மீற்றர் தள்ளித் தெரிந்தது. வேலியில்லை, காவலில்லை. விஷயத்தைப் புரிந்துகொண்ட டாக்சிக்காரர் இரு கைகளையும் உயர்த்தி, தன் வண்டி அந்தப் பலகையைத் தாண்டாது என்றார்.

"ஊத்திப்போட்டு வா. அந்தா குப்பைத்தொட்டி" என்றான் அண்ணை.

நான் மாட்டேன் என்றேன். என் உழைப்பில் வாங்கியது. அதைவிட, நான் தவறாக வாசித்தேன் என்பதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. துபாய் டேராவில் எனக்கென்று பதிவு செய்திருந்த ஹோட்டலில் வைத்துவிட்டு வரலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். அண்ணை டாக்சிக்காரரோடு மறுபடி விலை பேசினான். டாக்சி திரும்பியது. இன்னும் முப்பது திர்ஹாம்.

ஹோட்டலில் அறை ஒரு மணிக்குத்தான் தருவார்களாம். போத்தல் இருந்த பெட்டியை அந்நியரிடம் ஒப்படைக்க அண்ணைக்குப் பயம். பத்து மணியிலிருந்து வரவேற்பறை சோபாவில் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எலுமிச்சைச் சாறு ஒன்று பன்னிரண்டு திர்ஹாம். மேசைமேல் ஹோட்டல் பார் விலைப்பட்டியல் கிடந்தது: பியர் இருபத்தைந்து, விஸ்கி முப்பது. லண்டனில் இரண்டரைப் பவுணுக்குக் கிடைக்கும் பியர் இங்கே மூன்றரைப் பவுணுக்கு மேல்.

"பார் திறந்ததும் ஒண்டு வாங்கித் தரட்டே? ஹோட்டலுக்குள்ளை குடிக்கலாம்தானே?"

"நீ குடிக்கலாம். நீ விசிட்டர். இஞ்சை இருக்கிற ஆக்களுக்கு லைசென்ஸ் வேணும். முதலாளி கையெழுத்து வைக்கவேணும், சம்பளமும் இவ்வளவெண்டு இருக்கவேணும்." சிரித்தான். "நாப்பது பிள்ளையளை ஏத்திற பஸ்ஸுக்கு லைசென்ஸ் தந்திட்டாங்கள். ஒரு கிளாஸ் குடிக்க என்ரை சம்பளம் காணாது."

"ஒருத்தருக்கும் தெரியாமல்..."

"வாய் மணந்தாலே காணும். விடிய அஞ்சரைக்கு வண்டி எடுக்கவேணும். பேப்பர் வாசிக்கிற ஆள் நீ. வாசிக்காமலே சட்டம் தெரிஞ்ச ஆள் நான்."

எனக்குச் சுட்டது. அவன் அதைக் கவனித்திருக்க வேண்டும். "கவுன்சில் ஒபிசிலை உன்ரை பேர் போட்டிருக்கோ?" என்று கேட்டான்.

"கதவிலை இல்லை, மேசையிலை."

"மேசையிலை எண்டாலும் இருக்குத்தானே. காணும்."

ஒரு மணிக்கு அறை கிடைத்தது. போத்தலை அலுமாரியில் பூட்டிவிட்டு இறங்கினேன். ஜும்ஆ தொழுகை முடிந்த நெரிசலில் சார்ஜா போய்ச் சேர இரண்டே முக்கால். ஓர் அறையில் ஐந்து கட்டில்கள். அண்ணையோடிருந்த நால்வரும் எங்களுக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் கதவைத் திறந்தார்.

"வாங்க தங்கச்சி. ஊர் சுத்திக் காட்டுனானா உங்க அண்ணன்? மீன் குழம்ப மூணு தடவ சூடு பண்ணிட்டேன்."

"ஓம், நாங்கள் நல்லாச் சுத்தினனாங்கள்" என்றான் அண்ணை. போத்தலைப் பற்றி மூச்சு விடவில்லை. ஐந்தரைக்கு என்னை டாக்சி ஏற்ற வந்தவன், கதவைச் சாத்துமுன் குனிந்து சொன்னான்: "அடுத்தமுறை வெறுங்கையோடை வா, பிள்ளை. நேரை வீட்டை போகலாம்."

மறுநாள் முழுவதும் அவனுக்கு வேலை. ஞாயிறு காலை விமானம் ஏறினேன், போத்தலும் என்னோடு திரும்பியது. ஹீத்ரோவில் சுங்கத்தின் பச்சை வழியாக நடந்தேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. வால்தம்ஸ்டோவில் என் வீட்டுக்குக் கீழேயே மதுக்கடை. வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே வரிசை நிற்கும். சம்பளம் எவ்வளவு, முதலாளி யார் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. அந்த வரிசையைக் கடக்கும்போதெல்லாம் டேராவின் சோபா நினைவுக்கு வருகிறது.

ஒன்பது வருடத்துக்குப் பிறகு கிடைத்த ஒரே நாளில் மூன்று மணி நேரத்தை என் வீம்பு தின்றுவிட்டதே என்று திரும்பும் வழியெல்லாம் என்னையே நொந்துகொண்டேன். ஆனால் அதன்பின் கடந்த இந்த மூன்று வருடத்தில் மீன் குழம்பின் ருசி மறந்துவிட்டது. அறையிலிருந்த மற்றவர்களின் முகங்களும் தெளிவாக இல்லை. அந்தச் சோபாவில் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு, தன் பஸ்ஸில் வரும் பிள்ளைகளின் பெயர்களை முன் இருக்கையிலிருந்து வரிசையாகச் சொல்லிக் காட்டியது மட்டும் மறக்கவில்லை. அரபுப் பெயர், மலையாளப் பெயர், பிலிப்பினோப் பெயர் என்று நாற்பதும், ஒன்றில்கூடத் தடுமாறாமல். நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.