வீட்டுக்காரர் பேரில் நான் பழுது பார்த்த மெஷின்கள்

கல்யாணமாகி நாரணாபுரம் வந்த மறுவருஷம், ஒரு சனிக்கிழமை மாலை என் வீட்டுக்காரர் சாக்கில் சுற்றிய கனமான பொருள் ஒன்றைச் சைக்கிள் கேரியரிலிருந்து அவிழ்த்து வந்து கூடத்தில் இறக்கினார். பிரித்தால் டைப்ரைட்டர். அவர் கணக்கு எழுதிய பட்டாசுக் கம்பெனியில் இருந்த ஒரே மெஷின் அதுதான். தீபாவளி சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. வடக்கே இருக்கிற வியாபாரிகளுக்குத் தினமும் இங்கிலீஷில் கடிதம் போயாக வேண்டும். மெஷின் நின்றுவிட்டது. மெக்கானிக் மதுரையிலிருந்து வரவேண்டும். அவர் வருவதாகச் சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது.

“முதலாளி கண்டபடி ஏசிட்டாரு. நான்தான் கெடுத்தேங்காரு. வீட்டுக்குக் கொண்டுபோயிச் சரி பண்ணிட்டு வாரேன்னு வாய விட்டுட்டேன்” என்றார்.

மறுநாள் காலையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கு நின்றார். தாள் சுற்றுகிற மேல்பாகத்தை ‘வண்டி’ என்போம்; அது நகரவில்லை என்று தள்ளினார். எழுத்துக் கம்பி மேலே போய் ஒட்டிக்கொண்டால் விரலால் பிடித்து இழுத்தார். ஒரு தடவை உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க. நான் பாக்கேன்.”

“நீ என்ன பாப்ப?”

கல்யாணத்துக்கு முன்னால் விருதுநகரில் நான் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியிருந்தேன். அது அவருக்குத் தெரியும். தெரியாதது வேறொன்று. எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் நல்ல மெஷின்கள் எல்லாம் ஆண்களுக்கு. பெண்களுக்கு மூலையில் கிடந்த ஓட்டை மெஷின். அது நின்றால் வாத்தியார் எழுந்து வரமாட்டார். நமக்கான ஒரு மணி நேரம் அப்படியே போய்விடும். பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க முடியாதென்று நானே அதைக் குடைய ஆரம்பித்தேன். எந்தக் கம்பி எதை இழுக்கிறது என்பது அப்படித்தான் எனக்குப் பிடிபட்டது.

கம்பெனி மெஷினைத் திருப்பிப் பார்த்ததும் முதல் கோளாறு தெரிந்தது. எழுத்துக் கம்பிகள் அசைகிற குறுகிய பள்ளங்களான காடிகளில் கறுப்பாகப் பசைபோல ஏதோ அப்பியிருந்தது. தொட்டு முகர்ந்தேன்.

“தேங்காயெண்ணெய் விட்டீகளா?”

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

வெடிமருந்து கலக்கிற ஷெட்டிலிருந்து ஆட்களின் துணியோடு அலுமினியத் தூள் வந்து ஆபீஸ் முழுக்கப் படியும். அதில் எண்ணெயும் சேர்ந்தால் களிம்பாகிவிடும். கம்பி எழும்பும், இறங்காது. மண்ணெண்ணெயில் பழைய பல் பிரஷை நனைத்து ஒவ்வொரு காடியாகத் தேய்த்தேன். துணியில் வந்த அழுக்கு சாம்பலும் வெள்ளியுமாக மின்னியது. அந்த இடத்தில் எண்ணெயே விடக்கூடாது, காய்ந்துதான் இருக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்.

வண்டி நகராததற்குக் காரணம் வேறு. பின்னால் இடது பக்கம், சுருள் வில் அடைத்த டப்பா ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு வார் போய் வண்டியைப் பிடித்திருக்கும். அந்த இழுப்பில்தான் ஒவ்வொரு எழுத்துக்கும் வண்டி ஒரு பல் நகரும். வார் அறுந்திருந்தது. அதற்கு நான் எங்கே போவேன்? வெடிக்குச் சுற்றுகிற சணலைக் கட்டிப் பார்த்தேன். பிசிறு விட்டு அறுந்துவிட்டது. தையல் நூலை முறுக்கிக் கட்டினேன், விளிம்பில் சிக்கியது. தட்டையாகவும் இருக்க வேண்டும், இழுவை தாங்கவும் வேண்டும். கடைசியில் என் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு பாவாடையிலிருந்து ஊதா நாடாவை உருவினேன். டப்பாவைச் சில சுற்றுச் சுற்றி வில்லை முறுக்கேற்றி, நாடாவை மாட்டிவிட்டேன்.

தாளைச் செருகி ஒரு வரி அடித்தேன். வண்டி துள்ளித் துள்ளிப் போனது. வரி முடிகிற இடத்தில் மணியும் அடித்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் விரல் கீ மேல் பட்டிருந்தது. நான் அடித்துக்கொண்டே இருந்தேன். “போதும், ரிப்பன் தேயும்” என்று அவர் மெஷினைத் தூக்கிக்கொண்டார்.

அவர்தான் சரி செய்தார் என்று கம்பெனியில் பேராகிவிட்டது. அவராகச் சொன்னாரா, கேட்டவர்களை மறுக்காமல் விட்டாரா என்று எனக்குத் தெரியாது. பக்கத்துக் கம்பெனியிலிருந்து ஒரு மெஷின் வந்தது. அதில் பெரிய எழுத்து மட்டும் வரியை விட்டு மேலே ஏறி விழுந்தது. பிறகு சிவகாசியில் ஓர் அச்சகத்திலிருந்து ஒன்று வந்தது. எல்லாம் சனிக்கிழமை வரும், திங்கட்கிழமை போகும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் குனிந்தே இருப்பேன். அத்தை, அதாவது என் மாமியார், கதவைச் சாத்திவிடுவார். “பொம்பள இரும்பப் போட்டு நோண்டுதான்னு ஊருல சொல்லணுமாக்கும்” என்பார். சோறு பரிமாறினால், “ஒன் கையெல்லாம் சீமெண்ணெ வாடை” என்று இலையைத் தள்ளி வைப்பார்.

ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஒரு கணக்கர் தன் மெஷினைத் தானே எடுத்துப்போக வந்தார். கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தபடி, “என்ன கோளாறு அண்ணாச்சி?” என்று கேட்டார்.

“ரோலர் தேஞ்சு போச்சு. அதான்” என்றார் என் வீட்டுக்காரர்.

ரோலருக்கு ஒன்றுமே இல்லை. ரிப்பனைச் சுற்றுகிற பல்சக்கரம் நழுவிக் கிடந்ததை நான் ஏற்றி வைத்திருந்தேன். அதை முந்தின நாள் அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் காதில் வாங்கவில்லை. “எம்புட்டுப் பெரிய வேலை” என்று கணக்கர் மெச்சினார். நான் காபித் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

ஒருநாள் கேட்டேன். “ஹையர் பரீட்சை எழுதட்டுமா? பழகத்தான் வீட்டுக்கு மெஷின் வருதே.”

“எழுதி? ஆபீசுக்கா போகப் போற?”

“ஒங்க கம்பெனியில டைப்பிஸ்ட் வேணும்னு சொன்னீகளே.”

அவர் சிரித்தார். அந்த மாதமே அந்த வேலைக்குத் தன் சித்தி மகனைச் சேர்த்துவிட்டார். அவன் ஒற்றை விரலால் அடிப்பான்.

அடுத்த சீசனுக்குக் கம்பெனி புது மெஷின் ஒன்று வாங்கியது. அதை ஓட்டிக் காட்ட வந்த மதுரை மெக்கானிக், பழசையும் பார்த்துவிடுவோம் என்று பின்பக்கத்தைக் கழற்றியிருக்கிறார். ஆபீஸே சுற்றி நின்றிருக்கிறது. நாடாவை விரலில் சுற்றி வெளியே இழுத்து, “இது பாவாடை நாடால்ல?” என்றிருக்கிறார். முதலாளி சிரித்திருக்கிறார். லோடு ஏற்ற வந்தவர்கள்கூடச் சிரித்திருக்கிறார்கள். “வீட்டம்மாதான் மெக்கானிக் போல” என்று யாரோ சொல்ல, அன்று சாயங்காலம்வரை அதுவே பேச்சு. இதையெல்லாம் சித்தி மகன்தான் பின்னால் என்னிடம் சொன்னான்.

அவர் வீட்டுக்கு வந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை.

“வேணும்னுதான போட்ட?”

“என்னத்த?”

“என் மானத்த வாங்கணும்னுதான அத உள்ள வச்ச?”

“இங்கன வேற என்ன கிடந்துச்சு? அறுந்துபோகாம இம்புட்டு நாளு ஓடுச்சே.”

அவர் எழுந்தார். ஸ்க்ரூ டிரைவர், இடுக்கி, பிரஷ் எல்லாவற்றையும் துணியோடு வாரிக்கொண்டு போய்த் தோட்டத்துக் கிணற்றில் போட்டார். அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “இத அன்னைக்கே செஞ்சிருக்கணும்” என்றார். ஆபீஸ் வேலை வேண்டாமென்று முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் குடோன் வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் டைப்ரைட்டர் என்ற சொல்லே வரவில்லை. என்னோடும் தேவைக்கு மேல் பேச்சில்லை.

ஒரு வருஷம் போயிருக்கும். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தேன். அந்த ஏழாயிரம்பண்ணைக் கணக்கர். சைக்கிள் கேரியரில் மெஷின்.

“அண்ணாச்சியப் பாக்க வரல. ஒங்களத்தான் பாக்க வந்தேன், மதினி. வண்டி அசையவே மாட்டேங்குது. நீங்கதான் பாப்பீகன்னு கேள்விப்பட்டேன்.”

எனக்குப் பின்னாலிருந்து அத்தை சொன்னார். “அவளுக்கு அதெல்லாம் தெரியாதுய்யா. யாரோ கேலிக்குச் சொல்லியிருக்கான்.”

கணக்கர் என் முகத்தைப் பார்த்தார். சாக்கு விலகி மெஷினின் ஒரு பக்கம் வெளியே தெரிந்தது. அதில் பழுதே இல்லை. தூக்கிக்கொண்டு போகும்போது வண்டி ஆடாமலிருக்கப் பூட்டி வைக்கிற சின்ன நெம்புகோல் ஒன்று ஓரத்தில் உண்டு. யாரோ அதைத் தள்ளிவிட்டிருந்தார்கள். ஒரு விரலால் மேலே தட்டினால் போதும்.

“ஆமா, எனக்குத் தெரியாது” என்றேன்.

அவர் சாக்கை இழுத்து மூடி, கயிற்றை மறுபடி இறுக்கினார். மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும். நாளைக்கு பஸ்ஸில் இடம் கிடைக்குமோ என்னமோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அத்தை கதவைச் சாத்தினார். இத்தனை வருஷத்தில் என் பேச்சு ஒன்றை அவர் மெச்சியது அன்றைக்குத்தான். “இப்பத்தான் குடும்பத்துக்குத் தக்கவளா ஆயிருக்க” என்றார்.