மாவுக்கட்டுப் படம்

செங்கல்பட்டு கோர்ட்டில் கையில் மாவுக்கட்டோடு ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்திருப்பார், அவ்வளவுதான். அதே பாத்ரூமில் ஒரு போலீஸ்காரராவது வழுக்கி விழுந்ததாக இன்றுவரை நான் கேள்விப்பட்டதில்லை. கேண்டீனில் வடையைப் பிட்டுக்கொண்டே வக்கீல்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போலீஸ் அடித்து முடமான ஆட்களுக்காக வழக்கு நடத்துவதுதான் என் வேலை.

இந்த வழக்கில் என் கட்சிக்காரர் மாமல்லபுரத்தில் சிலைப் பட்டறையில் வேலை செய்பவர். ஒரு ஹோட்டலில் சிலை இறக்கிவைக்கப் போன அன்று, அங்கே தங்கியிருந்தவரின் லேப்டாப் காணாமல் போனது. இவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கோர்ட்டுக்கு வரும்போது, உளி அடிக்கிற வலது கையில் கட்டு. மாஜிஸ்திரேட் கேட்டதற்கு வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டார். பின்னாலேயே போலீஸ் நிற்கும்போது வேறு என்ன சொல்வார்?

சிறையில் போய்ப் பார்த்தபோது லத்தியால் அடித்த கதையை முழுதாகச் சொன்னார். அடுத்த வாய்தாவில் அதை மாஜிஸ்திரேட்டிடம் அவர் வாயால் சொல்லவேண்டும். சொன்னால் பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு உத்தரவு கேட்கலாம், அடித்தவர்கள் மேல் வழக்குப் போடலாம். எலும்பு கூடிவிட்டால் அதுவும் போச்சு. அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, மனைவி சரி என்றால் சொல்வதாகச் சொன்னார். வெளியே இருப்பது அந்த அம்மாதானே, போலீஸ் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

இரண்டு மூன்று முறை போனில் பேசிய பிறகு அந்த அம்மா துணிந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீட்டுக்கே வந்தார். அப்பா மரியாதையாக நாற்காலி போட்டு, தானே காபி கொண்டுவந்து கொடுத்தார். நான் மனு எழுதப் பேப்பர் எடுக்க உள்ளே போனேன்.

ரிட்டயர் ஆனதிலிருந்து அப்பாவுக்குப் போன்தான் உலகம். காலையில் வருகிற ஃபார்வர்டையெல்லாம் பால்காரரைக்கூட நிறுத்திக் காட்டுவார். வந்திருப்பது யார் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

“இத பாரும்மா, செம காமெடி. பாத்ரூம்ல சறுக்கு விளையாடப் போனாராம்!” என்று அப்பாவின் குரல் கேட்டது.

நான் ஓடிவருவதற்குள் போன் அந்த அம்மாவின் கையில் இருந்தது. மாவுக்கட்டோடு ஒருவர் சுவரோரம் நிற்கும் படம், கீழே யாரோ எழுதிய நக்கல், கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை முகங்கள். அந்த அம்மா விரலால் படத்தைப் பெரிதாக்கி முகத்தைப் பார்த்தார்.

“இது எங்க வூட்டுக்காரரு நைனா” என்றார்.

மானம் கப்பலேறியது என்பார்களே, அன்றுதான் எனக்கு அது என்னவென்று தெரிந்தது. அந்த அம்மா காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வாசல்வரை கெஞ்சிக்கொண்டே போனேன்.

“உன்ன ஒண்ணும் சொல்லலம்மா. வக்கீல் வூட்லயே சிரிச்சிகினு கீறாங்க, கோர்ட்ல எவன் நம்புவான்? அவரு வழுக்கியே வுழுந்ததா இருக்கட்டும், வுடு” என்றார். அப்பா பின்னாலேயே வந்து மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா பரவாயில்லை என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்பாவைப் பார்த்துக் கத்தினேன். “பெரியப்பாவும் வழுக்கித்தான் விழுந்தாராப்பா?”

மதுராந்தகத்தில் நெல் அறுத்த கூலியைக் கேட்டதற்காகப் பெரியப்பாவை ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள். சாகிறவரைக்கும் காலை இழுத்துத்தான் நடந்தார். அந்தக் கதையை எனக்குச் சொல்லிச் சொல்லிச் சட்டம் படிக்க அனுப்பியதே அப்பாதான். அவர் அழுதார். எனக்குச் சமாதானம் சொல்ல மனம் வரவில்லை. எங்கள் குடும்பம் முன்னுக்கு வந்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொள்வோம். வந்து சேர்ந்த இடம் இதுதானா என்று வெட்கமாக இருந்தது.

அடுத்த வாய்தாவில் நான் எழுந்து, கை எப்படி உடைந்தது என்று இன்னொரு முறை விசாரிக்கும்படி கேட்டுக்கொண்டேன். மாஜிஸ்திரேட்டும் பொறுமையாகவே விசாரித்தார். என் கட்சிக்காரர் கடைசி பெஞ்சில் இருந்த மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவர் பதில் சொன்னதும் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசல் கேட் அருகே நின்றுகொண்டிருந்தார். கையில் போன் இல்லை.

“சொன்னாராம்மா?” என்றார்.

“வழுக்கி விழுந்துட்டாராம்பா” என்றேன்.