செவலையின் காது

பெரியமடுவில் அந்த மாரி முழுக்க நான் ஓர் அக்காவின் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கடற்கரை வாடிகளில் மீன் வெட்டி, மறிச்சுக்கட்டியில் விறகு தறித்து, கடைசியில் அங்கே போய் ஒதுங்கினவன். அக்கா மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். புருசன் இல்லை; மகள் கலியாணம் கட்டிப் போய்விட்டா. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் இருந்த தங்கச்சி, "வந்துவிடு" என்று ஓயாமல் போனில் கூப்பிடுவாள். "மாடு நிக்குதே, எப்பிடி வாறது?" என்பதுதான் அக்காவின் பதில்.

வயல் விதைத்துவிட்டால் மாட்டை அவிழ்த்துவிடக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. எல்லாம் பட்டிக்குள் கயிற்றில் நின்றன. மழையும் குளிர்காற்றும் விடவில்லை. வெள்ளம் வடிந்து போய்ப் பார்த்தால், கயிற்றின் நீளத்துக்குள்ளேயே எல்லாம் செத்து விறைத்துக் கிடந்தன. தாய்ப்பசு செவலை தன் கடைசிக் கன்றின் மேல் கழுத்தைப் போட்டபடி கிடந்தது.

மற்ற மாடுகள் எல்லாம் செவலை போட்ட கன்றுகள். காதில் மஞ்சள் இலக்கத் தகடு குத்துகிற ஆட்கள் ஊருக்கு ஒரே தடவைதான் வந்தார்கள். அப்போது அக்காவிடம் செவலை மட்டும்தான் இருந்தது.

ஊரின் அரசாங்க அலுவலரான விதானையார் சேற்றில் நடந்து வந்து சொன்னார்: "மாட்டுக்கு நிவாரணம் குடுக்கினம். ரோட்டு உடைஞ்சு கிடக்கு, மாட்டு டாக்குத்தர் வந்து பாக்கேலாது. தகட்டோட காதை அறுத்துக் கொண்டுபோங்கோ. உடம்பை உடனே தாட்டுப்போடுங்கோ."

நான் கத்தியோடு குனிந்தேன். அக்கா குறுக்கே வந்து நின்றா.

"தொடாத தம்பி. மகளைப் படிப்பிச்சது இவள்ட பால். காதில்லாம அனுப்பமாட்டன்."

"அப்ப நிவாரணம்?"

"வாயால சொன்னா நம்பமாட்டினமோ?"

நெற்றியில் மஞ்சள் பூசி, தன் சீலை ஒன்றைப் போர்த்தி, செவலையை முழுதாகப் புதைத்தா.

பாதை திறந்ததும் மன்னாரில் மாட்டு டாக்குத்தரின் கந்தோருக்குப் போனோம். வாசலில் பெரிய வரிசை. வெளியே கழுதைகள் ஈரத்தில் நின்றன.

"கழுதைக்கும் குடுப்பினமோ?" என்றான் ஒருவன்.

"ஏன், வீட்டில ஆரும் செத்துப் போயிட்டினமோ?" என்றார் பின்னால் நின்ற கிழவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தா. கடைசியாக நான் கண்ட சிரிப்பு அது.

டாக்குத்தர் நல்ல மனிசன். "அம்மா, நான் உங்களை நம்புறன். கொழும்பு நம்பாது. தகடு வேணும். தோண்டி எடுங்கோ" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா, "லயத்தில மாடு கட்ட இடமில்லை, என்ன தம்பி?" என்றா. நான் ஓம் என்றேன்.

விடிய மண்வெட்டியோடு நின்றா. "மண்ணை நீ எடு. காதை நான் எடுக்கிறன்."

நாற்றத்துக்கு நான் மூக்கில் துணி கட்டியிருந்தேன். அக்கா ஒன்றும் கட்டவில்லை. சீலையை விலக்கி, பின்னேரங்களில் உண்ணி பொறுக்கப் பிடிப்பது போலவே அந்தக் காதை மெல்லத் திருப்பிப் பிடித்தா. கத்தி மொட்டை. நேரமெடுத்தது. பிறகு கிணற்றடியில் தகட்டை மட்டும் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தா.

ஒரு மாட்டுக்கு நிவாரணம் வந்தது. தகடில்லாத மற்றவை கணக்கில் இல்லை. அக்கா ஒரு நாகு கன்று வாங்கினா. தங்கச்சியிடம் போகவில்லை.

முந்தின மாடுகளுக்கெல்லாம் பேர் வைத்து, பேர் சொல்லித்தான் கூப்பிடுவா. நான் அங்கிருந்து கிளம்பும்வரை இந்தக் கன்றுக்குப் பேர் வைக்கவில்லை. தண்ணி காட்ட வேண்டுமென்றால் பேசாமல் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தா.