பீடத் துணியை யார் தைத்தது?

லாஸ்பேட்டை வேளாங்கண்ணியம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். கோபத்துக்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

1964இல் சேரியிலிருந்து நகரத்துக் கான்வென்ட்டில் சேர்க்கப்பட்ட ஐந்து சிறுமிகளில் அவரும் ஒருவர். சேர்த்தார்கள், மறுக்க முடியாது. அவர்களுடைய பெஞ்சுக்கு முன்னால் ஒரு பெஞ்சைக் காலியாக விட்டார்கள், அதையும் மறுக்க முடியாது. காற்றோட்டத்துக்காக இருக்கலாம். தையல் வகுப்பில் மற்ற பிள்ளைகள் மாதா கோயில் பீடத்துக்கு விரிக்கும் வெள்ளைத் துணியில் பூ வேலை செய்தார்கள். இந்த ஐவரும் தரை துடைக்கும் துணிக்கு ஓரம் அடித்தார்கள். தையல் சொல்லிக்கொடுத்த மதாம் தாராள மனசுக்காரர். ஊசியைக்கூடத் தனியாகவே கொடுத்தார்.

இப்போது பள்ளிக்கு நூற்றாண்டு விழா. கண்ணாடிப் பெட்டிக்குள் அதே பீடத் துணி. கீழே ஓர் அட்டை: "எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து தைத்தது." பெட்டியைத் திறந்துவைக்க வேளாங்கண்ணியம்மாவையே கூப்பிட்டிருந்தார்கள். ஐவரில் ஊரில் மிச்சமிருப்பவர் அவர்தானே.

விழாவுக்கு முந்தின நாள் பெட்டியைப் பார்க்கப் போனவர், விழாக் குழுச் செயலாளர் கிளாட்வினிடம் சொன்னார்:

"இதை நாங்க தொட்டதே இல்ல தம்பி. அட்டைய மாத்து."

"அதெல்லாம் பழைய கதைம்மா."

"நூறு வருஷமும் பழைய கதைதான? அத மட்டும் எதுக்குப் பந்தல் போட்டுக் கொண்டாடுற?"

"நீங்க நர்ஸானதே இந்த ஸ்கூலாலதான். கொஞ்சம் நன்றி வேணாமா?"

"இருக்கு. நான் தைச்ச தரைத்துணியையும் தேடியெடுத்து இதுக்குப் பக்கத்துல வை."

கிளாட்வினின் முகம் மாறியது. "உங்க ஆளுங்களுக்கு எவ்ளோ செஞ்சாலும் பத்தாது."

"அப்பாடா! இப்பத்தான் என் ஸ்கூலுக்கு வந்த மாதிரி இருக்கு."

அன்று மாலையே அழைப்பிதழில் அவர் பெயர்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டப்பட்டது. ஒட்டியவர்களும் ஒற்றுமையாகத்தான் ஒட்டினார்கள்.

மறுநாள் வேளாங்கண்ணியம்மா அழைப்பில்லாமலே வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அட்டையைப் படித்து முடித்த ஒவ்வொருவரையும் பிடித்துக்கொண்டார்: "படிச்சாச்சா? இப்ப நான் சொல்றதக் கேளு."

பதினொரு மணிக்குக் கிளாட்வின் பெட்டியைப் போர்வையால் மூடினார். அவ்வளவுதான், கண்காட்சியில் மற்ற எதையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. போர்வைக்குள் என்ன என்று கேட்கவே கூட்டம் வரிசையில் நின்றது. சொல்வதற்கு ஆள் தயாராக இருந்தார்.

மூன்று மணிக்குப் போர்வை போனது, அட்டையும் போனது. துணி மட்டும் இருந்தது.

"எடுத்தாச்சு, கெளம்புங்க," என்றார் கிளாட்வின்.

"யார் தைச்சதுன்னு இன்னும் எழுதலயே," என்று நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார் வேளாங்கண்ணியம்மா.