சுரண்டாமல் விட்ட சுவர்

எனக்குப் பயந்த சுபாவம். பழைய கட்டடங்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலுக்கு அது நல்லதுதான் என்று நினைத்திருந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில், ஸ்ரீவராகம் பகுதியில் ஒரு வீட்டுச் சுவர் விரிசல் விட்டிருந்தது. வீட்டில் ஒரு மாமியும், பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவர் கணவரும் மட்டும். அவர்கள் அங்கே இருக்கலாமா, காலி செய்ய வேண்டுமா என்று நான் சொல்ல வேண்டும்.

விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். மூன்று மாதம் உடையவில்லை. தாராளமாக இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மழை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. அதே ஊரில், தம்பானூர்ப் பக்கம் வேறொரு கட்டடத்தில் அதேபோல் ஒட்டப் போனபோது, கொத்தனார் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சாரே, பூச்சைச் சுரண்டிக் கல்லுலயாக்கும் ஒட்டணும். பூச்சு தனியா விட்டுப்போச்சுன்னா, உள்ள சுவரு நகந்தாலும் கண்ணாடி உடையாது."

ஸ்ரீவராகத்தில் நான் சுரண்டவில்லை. அந்தச் சுண்ணாம்புப் பூச்சு அத்தனை வழவழப்பு. பழசைக் கெடுக்க மனம் வரவில்லை. வேலையை அப்படியே விட்டு, ஆட்டோ பிடித்து அங்கே கிளம்பினேன். ஆட்டோவில் போகும்போது, தெருமுனையில் கூட்டம் நிற்குமோ என்று கண்ணை மூடிக்கொண்டேன். வெட்கக்கேடு, அந்த இருவரையும்விட முதலில் என் கையெழுத்துதான் நினைவுக்கு வந்தது.

வீடு நின்றது. கண்ணாடிகள் முழுசாக இருந்தன. பூச்சைத் தட்டினேன், கல்லைவிட்டுப் பிரிந்து உள்ளே வெற்றாக ஒலித்தது. அந்தச் சுவரை ஒட்டிக் கட்டிலில் மாமா தூங்கிக்கொண்டிருந்தார்.

"கட்டில் உள் ரூம்ல தானே இருந்தது மாமி?"

"நீங்க எழுதிக் குடுத்தப்பறம் மாத்தினேன். இங்கதான் அவருக்குக் காத்து வரது."

"பூச்சைச் சுரண்டாம ஒட்டிட்டேன் மாமி. என் தப்பு. மாமாவை இப்பவே வெளியில கொண்டு போயிடணும்."

ஆட்டோக்காரரும் நானும் கட்டிலோடு தூக்கினோம். திருப்பும்போது கட்டில் சுவரில் இடித்தது. பூச்சு பாளமாகச் சரிந்தது. பின்னால் கை நுழையும் அளவுக்குச் சுவர் பிளந்திருந்தது.

பக்கத்து வீட்டு வராந்தாவில் மாமாவை இறக்கினோம். மாமி அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, கோபமே இல்லாமல் என்னிடம் கேட்டார்.

"உங்கப்பா அங்க படுத்திண்டிருந்தா, சுரண்டிப் பாத்திருப்பேள், இல்லையா?"

ஆமாம் என்றேன்.